மூன்று மணிக்கே வந்த சிங்கப்பூர் போன்

கணக்கில் நான் புலி என்று அப்போது எனக்கொரு நினைப்பு. ஐந்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியதால் வந்த வினை. அந்த வருஷம்தான் என் அக்கா சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வரைபட வேலைக்குப் போனாள். எங்கள் காலடிப்பேட்டை வீட்டிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவள்தான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பாவுக்குத் தூரமெல்லாம் கப்பல் கணக்கு. சிங்கப்பூரா, அஞ்சாறு நாள் ஆகும் என்பார். விமானத்தில் எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்டார். அக்கா பெட்டி கட்டும் மும்முரத்தில் இருந்தாள். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். காலை பத்துக்குக் கிளம்பி மாலை நாலே முக்காலுக்குச் சேரும் என்று போட்டிருந்தது. ஆறே முக்கால் மணி நேரம் என்று பட்டென்று சொன்னேன். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அவளை அனுப்பிவிட்டு வந்ததும் அம்மா துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டாள். ஊருக்குப் போனவர் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை எங்கள் வீட்டில் பெருக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் தின்றுபோட்ட கடலைத் தோல் கூடம் முழுக்கக் கிடந்தது. அஞ்சு மணிக்குப் பெருக்கிக்கொள்ளலாம் என்று என் கணக்கை நம்பி உட்கார்ந்திருந்தாள், பாவம்.

மூன்று மணிக்கு அப்பாவின் செல்போன் அடித்தது. ஏதோ வெளிநாட்டு எண். எடுக்கப் போன அப்பாவின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"பிளேன் இன்னும் வானத்துல கீது. அப்போ இது ஆரு? நல்ல சேதின்னா அஞ்சு மணிக்கு மேலதானே வரணும்?"

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நாளெல்லாம் டன் கணக்கில் தூக்கி இறக்கிய மனுஷன், ஒரு சின்ன போனைத் தொடப் பயந்து நின்றார். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் விரல்விட்டுத் திரும்ப எண்ணினேன். அதே ஆறே முக்கால்தான். கடவுளே, என் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று வாழ்நாளில் முதன்முறையாக வேண்டிக்கொண்டேன். ஏழாவது தடவை தாங்கமாட்டாமல் நானே எடுத்தேன்.

"யார்னா எடுங்களேன், எத்தினி வாட்டி அடிக்கிறது?" அக்காவின் குரல்தான், அழுகையோடு.

நான் "அக்கா" என்றதும் அம்மா கடலைத் தோலின் மேலேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். நாலேகால் மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டாளாம். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுமாம். "இன்னா கணக்குடி போட்ட நீ," என்று அப்பா என் தலையில் குட்டினார். வலிக்கவே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அக்காதான் அழுகையை நிறுத்தவில்லை. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லியே, அப்பா நல்லாத்தானே கீறாரு என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பறந்தது அவள். வீட்டில் உட்கார்ந்து கடலை தின்றவர்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது? அவளிடமே அப்படிக் கேட்டேன். முன்பின் தெரியாத ஊரில், யாரிடமோ இரவல் வாங்கிய போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஆறு தடவை அடித்தும் வீட்டில் யாரும் எடுக்காததால், இத்தனை நேரமும் அவள் எங்களுக்காகத்தான் நடுங்கிக்கொண்டிருந்தாள் என்பது அந்தக் கணக்குப் புலியின் மண்டையில் ஏறவில்லை.