கோமதி தாண்டாத கடல்

தை மாதம், வெள்ளிக்கிழமை. பொழுது விடியும்போது கொழும்புக் கப்பல் தூத்துக்குடிக்கு ஐந்து மைல் வெளியே நங்கூரம் பாய்ச்சியது. கரையோரம் ஆழமில்லாததால் அங்கேயே ஏணியில் இறங்கி நீராவிப் படகில் ஏற வேண்டும். என் மகள் கோமதி கடைசிப் படியில் நின்றபோது அலை படகை விலக்கிவிட்டது. படகுக்காரர் அவள் கையைப் பற்றிப் படகுக்குள் இழுத்துப் போட்டார். அவள் சிரித்தாள். கரை சேரும்வரை நான் அவள் கையை விடவில்லை.

கண்டியில் பதினான்கு வருஷம் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். கோமதி அங்கேயே பிறந்தவள், பன்னிரண்டு வயது. சென்ற ஆவணியில் அவள் தாய் காய்ச்சலில் இறந்துபோனாள். அஸ்தியை அந்த ஊர் ஆறான மகாவலி கங்கையில் கரைத்தோம். பெண்பிள்ளையைத் தனியே வளர்க்க அஞ்சி, சீவலப்பேரியில் இருக்கும் என் அண்ணாச்சி வீட்டுக்கு அழைத்துவந்தேன். ஊர் திரும்ப எத்தனையோ நாள் ஏங்கியதுண்டு. ஆனாலும் கப்பல் நகர்ந்தபோது மனைவியைத் தனியே விட்டுவருவது போலிருந்தது.

மணியாச்சியில் ரயில் மாறி, நண்பகலில் திருநெல்வேலி சேர்ந்தோம். அங்கிருந்து சீவலப்பேரி பத்து மைல், மாட்டுவண்டிக்குப் பன்னிரண்டணா. வழியெல்லாம் நெல் கதிர் சாய்ந்து கிடந்தது.

"கண்டியில இருந்தா வாரிய?" என்றார் வண்டிக்காரர். "போன வருசம் பினாங்குல இருந்து வந்தவர மூணு நாளு தொழுவத்துல படுக்க வச்சாக. கடல் தாண்டுன தோசமாம்லா!"

நான் தொழுவத்தில் படுப்பேன். தாயில்லாத பிள்ளையை முதல் நாளே தீட்டு என்று ஒதுக்கினால், பிறகு அந்த வீட்டுச் சோறு அவள் தொண்டையில் இறங்குமா?

நான்கு மணிக்குச் சீவலப்பேரிப் படித்துறை. அண்ணாச்சியும் மதினியும் காத்திருந்தார்கள். தோஷம் கழிக்கப் பஞ்சகவ்வியச் செம்போடு குருக்களும் நின்றார்.

"ஏலே, இளைச்சுட்டியே!" என்று அண்ணாச்சி கண் கலங்கினார். ஆனால் தொடவில்லை. "ரெண்டு பேரும் முங்கிட்டு, இதக் குடிங்க. பொறவு வீட்டுக்குப் போவோம்."

கோமதி செம்பை எட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா, ஊர விட்டுக் கடல் தாண்டிப் போனாத்தான தோசம்?"

"ஆமாட்டி."

"நான் இங்கன இருந்து போகவே இல்லியே. வர மட்டுந்தான செஞ்சேன்?"

அண்ணாச்சி குருக்களைப் பார்த்தார். அவர் உச்சிக்குடுமியைத் தடவிக்கொண்டு, "போறவாளைப் பத்தித்தான் சொல்லியிருக்கு. வர்றவாளைப் பத்தி ஒண்ணும் காணோம்" என்றார்.

மதினிதான் முதலில் சிரித்தாள். "பச்சப்பிள்ள கேக்கதுக்குப் பதிலக் காணோம்! ஏளா, இங்கன வா" என்று கோமதியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஏலே, வாத்தியான் மவ வக்கீலாட்டுல்லா பேசுதா!" என்றார் அண்ணாச்சி. "தாண்டுனவன் நீ. நீ முங்குலே."

பெருமையில் எனக்குச் சாணத்தின் வாடைகூடத் தெரியவில்லை. குடித்துவிட்டுத் தாமிரபரணியில் முங்கினேன். எழுந்தபோது படியில் மதினி கேட்டுக்கொண்டிருந்தாள்:

"நம்ம ஆறு எப்படிட்டி?"

"எங்க ஊர் ஆறு இதவிடப் பெரிசு, பெரியம்ம. அம்ம அதுலதான் இருக்கா."

மதினி பிள்ளையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியவன் நான் ஒருவன்தான். கோமதி தன் ஊரை விட்டு வந்திருக்கிறாள். இருபத்தைந்து வயதில் நான் அழுதுகொண்டே செய்ததை, பன்னிரண்டில் அழாமல் செய்திருக்கிறாள்.

ஈரவேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு நான் தெருவுக்கு வருவதற்குள், மதினியின் கையைப் பிடித்தபடி அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.