கத்திரி வெயிலில் மைன்ஸ் ரேஸ்

என் அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மாப்ள என்பார். அவருக்குக் குரும்பலூரில் வீடு. புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்குக் கரண்ட் வயரிங் செய்வதுதான் வேலை. எனக்குப் பெரம்பலூரில் ஒரு உரக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பச்சைமலை அடிவாரம் வரைக்கும் போய் வருவோம். அவரிடம் இருந்தது தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள். திருச்சியில் யாரோ ஒரு காலேஜ் பையன் ஓட்டிச் சலித்ததை வாங்கி வந்து, கழற்றிப் பூட்டிப் புதுசு மாதிரி ஆக்கியிருந்தார். எங்கள் அம்மா அக்காவைக் கிண்டல் செய்வாள்: "உன் புருஷனுக்கு நீ ரெண்டாந்தாரம்டி. மொதத் தாரம் அந்த சைக்கிள்தான்."

அப்போது அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டம். அரியலூர் பக்கத்து ஊர் ஒன்றில் இளைஞர் மன்றம் வைத்திருந்தவர்கள் மே மாதத்தில் சைக்கிள் ரேஸ் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியிருந்தார்கள். வழக்கமான ரோட்டு ரேஸ் இல்லை. சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளங்களை எங்கள் பக்கம் மைன்ஸ் என்றுதான் சொல்வோம். அந்தப் பள்ளங்களில் இறங்கி ஏறி, முந்திரிக்காட்டு வழியாகச் சுற்றி வர வேண்டும். மொத்தம் மூன்று சுற்று. காலை ஆறு மணிக்கு ஆரம்பம் என்று போட்டிருந்தது. ஊரில் திருவிழா நேரம், கூட்டம் சேரும் என்பதால் கத்திரி வெயிலிலேயே வைத்துவிட்டார்கள்.

முதல் பஸ்ஸின் மேல் சைக்கிள்களைக் கட்டிப் போட்டுக்கொண்டு போனோம். அக்கா எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுப் பெரிய பாட்டிலில் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். வாசலில் அவர்கள் பெண் குழந்தை தூக்கம் கலையாமல் நின்றுகொண்டிருந்தது. "ஜெயிக்கலன்னாலும் பரவால்ல, பல்ல கில்ல ஒடச்சிக்கிட்டு வந்துராதீங்க" என்றாள் அக்கா. மாமா சிரித்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அங்கங்கேயிருந்து பையன்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேரிடம் சாதாரண சைக்கிள்தான், மட்கார்டைக் கழற்றிவிட்டு வந்திருந்தார்கள். பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொடியசைக்க ஒரு பிரமுகர் வர வேண்டும் என்றார்கள். அவர் வரவில்லை. இதோ கிளம்பிவிட்டார், இதோ பாதி வழியில் இருக்கிறார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெயில் பந்தலுக்குள் வந்து எங்கள் கால்வரைக்கும் நீண்டுவிட்டது. அக்கா கொடுத்த தண்ணீர் அங்கேயே உட்கார்ந்து தீர்ந்துபோனது.

மன்றத்துச் செயலாளர் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான். வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்க, ரோட்டுக்கும் பந்தலுக்கும் நடந்துகொண்டிருந்தார். திருச்சியிலிருந்து வந்த ஒருத்தர் அவரிடம் போய், "சார், வெயில் ஏறிருச்சுங்க. நீங்களே கொடியக் காட்டிருங்க" என்றார்.

"நோட்டீஸ்ல பேரப் போட்டாச்சு தம்பி. அவரு வராம எப்படி ஆரம்பிக்கிறது? நாளைக்கு நான் அவரு மூஞ்சில முழிக்க வேணாமா?"

அந்தத் திருச்சிக்காரர் திரும்பி வந்து சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். சிலர் கைதட்டிக் கேலி செய்தார்கள்.

"நாமளும் போயிரலாமா மாமா?" என்றேன்.

"இவ்ளோ தூரம் வந்துட்டா? மூணு சுத்துதான மாப்ள. ஒரு மூச்சுல முடிச்சிட்டுப் போயி பிரியாணி சாப்புடுவோம்."

பிரமுகர் வந்து, பொன்னாடை போர்த்தி, அவர் பேசி, அவருடன் வந்தவர்களும் பேசி முடித்துக் கொடி காட்டியபோது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது.

அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது இன்னும் என் உடம்பில் இருக்கிறது. மேலே காற்றாவது இருந்தது. கீழே நாலு பக்கமும் வெள்ளைப் பாறை. வெயில் தலைக்கு மேலிருந்தும் வந்தது, சுவரிலிருந்தும் வந்தது, தரையிலிருந்தும் வந்தது. கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. முன்னால் போகிறவன் கிளப்புகிற சுண்ணாம்புத் தூசி வாயில் ஒட்டி, துப்பினால் எச்சில் வரவில்லை. வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர் டிரம் வைப்போம் என்று சொல்லியிருந்தார்கள். முதல் டிரம்மை வேடிக்கை பார்க்க வந்தவர்களே காலி செய்திருந்தார்கள். இரண்டாவது டிரம் வரவே இல்லை. அதை ஏற்றி வர வேண்டிய டெம்போ, பிரமுகருடன் வந்த ஆட்களைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தது என்று பிறகு தெரிந்தது.

இரண்டாவது சுற்றில் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. இறங்கி ஒரு சீமைக்கருவேல மரத்தின் ஓட்டை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். என்னை மாதிரியே இன்னும் சிலர் அங்கே சாய்ந்து கிடந்தார்கள். மாமா என்னைத் தாண்டிப் போனார். நான் கத்திக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார். ஆனால் அது என்னை அடையாளம் தெரிந்து பார்த்த பார்வையாக இல்லை. தூசியில் முகம் வெள்ளையடித்த மாதிரி இருந்தது. மூன்றாவது சுற்றில் எல்லோரும் ஒரு பக்கமாகப் போக, அவர் மட்டும் எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருந்தார். நான் நொண்டிக்கொண்டே ஓடி ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.

"எங்க மாமா போறீங்க? வழி அந்தப் பக்கம்."

"மெயின ஆஃப் பண்ணு மாப்ள" என்றார். "லைன் இருக்கு. மெயின ஆஃப் பண்ணு, மொதல்ல."

சைக்கிளோடு என் மேல் சாய்ந்தார். அவர் கழுத்தில் கை வைத்தவன் சட்டென்று எடுத்துவிட்டேன். மனித உடம்பு அவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியாது. வாந்தி எடுத்தார். பிறகு கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

கூட்டம் கூடிவிட்டது. "வலிப்பு, சாவிக்கொத்து இருந்தா கையில குடுங்கப்பா" என்றார் ஒருவர். பள்ளத்தின் அடியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி மொண்டு வந்தேன். "கொதிக்கிற ஒடம்புல தண்ணி ஊத்துனா ஜன்னி கண்டுரும்டா, கொன்னுறாத" என்று இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணத்தில் பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மேலே பந்தலில் மைக்கில், முதலில் வந்துகொண்டிருக்கும் பையனின் சட்டை நிறத்தைச் சொல்லிச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். வண்டி கேட்டு ஓடிய ஆள் திரும்பவில்லை. கடைசியில் பக்கத்து மைன்ஸிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு வந்த டிப்பர் லாரி ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்தி, மாமாவைத் தூக்கி டிரைவர் பக்கத்தில் என் மடியில் கிடத்திக்கொண்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டூட்டியில் இருந்தது ஒரு இளவயசு டாக்டரம்மா. பார்த்ததும் சட்டையைக் கத்தரியால் வெட்டிப் போடச் சொன்னார். நனைத்த துணியைப் போர்த்தி, இருந்த ஃபேனையெல்லாம் மாமா பக்கம் திருப்பினார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சர்பத் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வரச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். கோணியில் கட்டிய ஐஸைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஓடும்போது தண்ணீர் என் முதுகில் வழிந்தது. அந்தக் குளிர்ச்சி எனக்குச் சுகமாக இருந்தது. ரொம்ப நாள் வரைக்கும் அந்தச் சுகத்தை நினைத்தால் எனக்கு அழுகை வரும்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தேன். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, வேலை செய்துகொண்டிருந்த புடவையோடு வந்து இறங்கினாள்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. வெயில்ல மயங்கிட்டாரு."

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். "வெயில்ல மயங்குனவருக்கு வாயில எதுக்குடா குழாய் வச்சிருக்காங்க?" என்றாள்.

அங்கிருந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். கண் விழித்து அக்காவை அடையாளம் கண்டுகொண்ட அன்றைக்கு வார்டில் எல்லோருக்கும் அம்மா மிட்டாய் கொடுத்தாள். கட்டிலை விட்டு இறக்கி நிற்க வைத்தபோதுதான் மிச்சம் தெரிந்தது. நின்றால் கப்பலில் நிற்கிற மாதிரி ஆடினார். காலை அகட்டி வைத்துத் தடுமாறித்தான் நடக்க முடிந்தது. பேச்சு குழறியது. உடம்புச் சூடு தலைக்கு ஏறியதில் சிறுமூளை அடிபட்டுவிட்டது, கொஞ்சம் தேறலாம், முழுசாகத் தேறும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

ஏணி மேல் நின்று வேலை செய்கிறவர் அவர். அது போயிற்று. உட்கார்ந்தபடி ஃபேன் ரிப்பேர் பார்க்கலாம் என்று நினைத்தோம். ஸ்க்ரூ டிரைவரைத் திருகாணியின் பள்ளத்தில் வைக்கப் போனால் கை அதைத் தாண்டிப் போய்விடும். ஒருநாள் அதைச் சுவரில் எறிந்துவிட்டு அழுதார். அக்கா சின்ன வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தாள்.

செயலாளர் ஒரு தடவை பழப்பையோடு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மாமா குழறிக் குழறிக் கேட்டார்: "எத்தன பேரு முடிச்சாங்க?"

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு, "பாதிப் பேருகூட முடிக்கல தம்பி" என்றார். கிளம்பும்போது வாசலில் என்னிடம், "அடுத்த வருஷம் வேணாம்னு சொல்லிட்டேன். பசங்க கேக்க மாட்டேங்கிறானுவோ. நீ வந்து சொல்லு" என்றார்.

போனேன். மன்றத்துப் பையன்கள் ரேஸை நிறுத்த ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் மார்கழியில் வையுங்கள் என்றேன். "மார்கழில யாரு வந்து பாப்பா?" என்று சிரித்தார்கள். கடைசியில் மே மாதமே என்று முடிவானது. ஆனால் நான் சொன்ன மற்றதையெல்லாம் ஒத்துக்கொண்டார்கள். வெளிச்சம் வந்ததும் ஆரம்பிக்க வேண்டும், யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. ஒரே சுற்றுதான். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் மன்றத்து ஆள் ஒருவர் நிற்க வேண்டும். ஐஸ் பெட்டியும் நனைந்த சாக்கும் வைத்து ஒரு வேன் பள்ளத்தின் விளிம்பிலேயே நிற்க வேண்டும். அதில் வேறு யாரும் ஏறக் கூடாது. பள்ளத்திலிருந்து ஏறி வருகிற ஒவ்வொருத்தனையும் நிறுத்தி, ஊர் என்ன, எதில் வந்தாய் என்று கேட்க வேண்டும். பதில் தடுமாறினால் இறக்கி நிழலில் உட்கார வைத்துவிட வேண்டும். அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்குத் தெரிந்தபோது வெங்காயத்தாள் ஒட்டிய கையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"நீ ரேஸ் நடத்துறியாமே?"

"நடத்தலக்கா. நடக்கப்போவுது. அதுல யாருக்கும்..."

"என் புருஷன் சொவரப் புடிச்சிக்கிட்டு நடக்குறாரு. நீ அங்க போயி கொடி புடிக்கிற." அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை.

அந்த ரேஸ் நடந்தது. ஒருவனை நான் இறக்கிவிட்டேன். அவன் தன் ஊர்ப் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னான். நிழலில் உட்கார வைத்து ஈரச்சாக்கைப் போட்டபோது கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டினான். தெளிந்த பிறகும் திட்டினான், நீதான் என் பரிசைக் கெடுத்தாய் என்று. பார்க்க வந்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. அவர்கள் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் நன்கொடை சேரவில்லை. அதற்கடுத்து அந்தப் பக்கம் மறுபடியும் வெடி வைத்துக் கல் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரேஸ் நின்றுபோனது. செத்துப்போகாத ஆட்களுக்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்வதற்கு அவர்களுக்கு ஒன்றும் நடக்கவும் இல்லையே.

அக்கா மறுபடி பேசியது, மாமாவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போக ஆள் தேவைப்பட்டபோது. மூன்று பேரும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். மாமா படியில் கால் வைத்துத் தடுமாறியதும் கண்டக்டர், "யோவ், காலையிலயே ஏத்திக்கிட்டியா? எறங்கு, எறங்கு" என்று கையை நீட்டித் தடுத்தார்.

"குடிக்கலங்க" என்றாள் அக்கா. பஸ் முழுக்கக் கேட்கிற குரல் அது. பல தடவை சொல்லிப் பழகிய குரல். "சைக்கிள் ரேசுல வெயில் அடிச்சி இப்படி ஆயிட்டாருங்க. குடிக்கிற பழக்கமே இல்லீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். கண்டக்டர் மன்னிப்புக் கேட்டு, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எந்த ஊர் ரேஸ், எவ்வளவு நாளாயிற்று, என்ன வைத்தியம் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தஞ்சாவூரில் இறங்கிய பிறகு மாமா நின்றார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொன்னார்:

"இனிமே சொல்லாத. குடிகாரன்னே நெனச்சிக்கட்டும்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொள்ள, ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குள் போனோம். அதற்கப்புறம் எத்தனையோ பஸ் ஏறியாயிற்று. யார் என்ன கேட்டாலும் அக்கா வாய் திறப்பதில்லை. டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொள்வாள்.