மூன்றாவது பொத்தான்

இது நடந்தது. கதை கட்டும் அளவுக்கு எனக்குக் கற்பனை கிடையாது. இருபத்திரண்டு வருடமாக டெட்ராய்ட்டில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நின்றேன் என்று கேட்டால் சொல்வேன், அவ்வளவுதான் என் திறமை. அதனால் இதிலும் நேரங்களைத் துல்லியமாகச் சொல்கிறேன். நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். உடைந்த படிப்பலகை ஒன்று இன்னும் என் கராஜில் சாய்ந்து கிடக்கிறது. என் மனைவி வெர்னீஸும் சாட்சி. அவள் பொய் சொல்ல மாட்டாள். அதிலும் எனக்குச் சாதகமாகச் சொல்லவே மாட்டாள்.

பேய் என்றால் நடுராத்திரி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச் முடிந்து, வறுத்த கோழியும் கீரையும் சாப்பிட்டு வயிறு நிறைந்திருந்த நேரம்.

ஞாயிறு மூன்று மணி ஆனால் நான் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவிடுவேன். அங்கே இரண்டு ரெக்கார்ட் பிளேயர்கள், அவற்றுக்கு நடுவில் இரண்டின் சத்தத்தையும் கலக்கும் ஒரு மிக்ஸர் பெட்டி, சுவர் நீளத்துக்கு இசைத்தட்டுகள். எந்த விருந்திலும் நான் பாட்டுப் போட்டதில்லை. என்னை யாரும் கூப்பிட்டதும் இல்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் இன்னொரு பாட்டைக் கோத்துவிடுவது, கோத்த இடம் தெரியாமல் கோப்பது. அந்தச் சுகத்துக்காக மட்டும் செய்கிறேன்.

இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் காதில் இருக்கிறது. ஒரு தட்டு அறைக்குப் பாடிக்கொண்டிருக்கும். அடுத்த தட்டு ஹெட்போனுக்குள் எனக்கு மட்டும் பாடும். மிக்ஸரில் ஒவ்வொரு தட்டுக்கும் தனி வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அந்த வரிசையின் சத்தம் காதுக்கு மட்டும் வரும். இரண்டு தட்டின் வேகத்தையும் சமமாக்கி, தாளத்தை எண்ணி, சரியான இடத்தில் திறந்துவிட வேண்டும். அதாவது, அறை இனிமேல் கேட்கப்போவதை நான் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு காதை மூடு, ஒரு காதைத் திறந்து வை. இதுதான் முதல் பாடம். நான் இரண்டு காதையும் மூடிக்கொள்வேன். என் பேஸ்மென்ட், என் காது, யார் கேட்கப்போகிறார்கள் என்கிற திமிர். வெர்னீஸுக்கு இதில்தான் கோபம். துணி துவைக்கும் இயந்திரமும் கீழேதான் இருக்கிறது. மேலே நின்று கத்திக் கத்தி ஓய்ந்து, கடைசியில் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவாள். கீழே இறங்கப் பதிமூன்று படிகள். ஏழாவது படியில் பலகை ஆடும். அவளுக்கோ இடது முழங்கால் சரியில்லை. பலகையை மாற்றித் தருகிறேன் என்று நான் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது.

"நான் விழுந்து செத்தாலும் நீ பாட்டை முடிச்சுட்டுதான் வருவ" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

என் பழைய மிக்ஸர் கெட்டுப்போனபோது, இறந்துபோன ஒருவர் வீட்டில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவருடைய மகள் ஒரு கனத்த கறுப்புப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். பின்பக்கத்தில் வெள்ளைப் பட்டையில் ஹாலிஸ் டிப்ஸ் என்று பெயரும், தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தன. மூன்று வரிசை உள்ள மிக்ஸர். எனக்கு இரண்டு போதும். மூன்றாவதில் நான் எதையும் மாட்டவில்லை.

ஜனவரி 12. மதியம் 3.12.

கை தவறி மூன்றாவது பொத்தானை அழுத்திவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எதுவும் மாட்டாத வரிசையில் வெறும் 'ஸ்ஸ்' தான் கேட்க வேண்டும். கேட்டது வேறு. 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் உறுமும் சத்தம். என் ஹீட்டர்தான், அதன் இருமல் எனக்குத் தெரியும். ஹெட்போனைக் கழற்றினேன். ஹீட்டர் சும்மா இருந்தது.

3.16. டக்... ஹீட்டர் ஓட ஆரம்பித்தது.

பழைய பெட்டி, எங்கிருந்தோ எதையோ இழுக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 19. இந்த முறை வேண்டுமென்றே அழுத்தினேன். மேலே சமையலறையில் சாப்பாட்டுத் தட்டு விழுந்து உடையும் சத்தம் ஹெட்போனில் கேட்டது. அதைத் தொடர்ந்து, தட்டைத் திட்டுகிற வெர்னீஸின் குரல். மேலே ஓடினேன். அவள் நிதானமாகப் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கையிலிருந்து தட்டு நழுவியது. அடுப்பில் மணி பார்த்தேன். கேட்டதற்கும் உடைந்ததற்கும் நான்கு நிமிடம்.

அவளிடம் சொன்னேன். "சர்ச்ல மூணு மணி நேரம் உக்காந்தும் உனக்கு ஒண்ணும் கேக்கல, ஓட்டைப் பெட்டியில கேக்குதாக்கும்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. எனக்கு அது விளையாட்டாக இருந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை முன்னாலேயே கேட்டேன். தொலைபேசி அடிப்பதைக் கேட்டுவிட்டு, அடிப்பதற்கு முன்பே போய்ப் பக்கத்தில் நின்றேன். எப்போதும் நான்கு நிமிடம். ஒரு நொடி கூடியதில்லை, குறைந்ததில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. எல்லாச் சத்தமும் ஒரே இடத்திலிருந்து கேட்டது. பேஸ்மென்ட் படியின் உச்சியிலிருந்து. யாரோ அங்கே நின்று, சமையலறைக்கு ஒரு காதும் பேஸ்மென்ட்டுக்கு ஒரு காதும் கொடுத்துக் கேட்பது போல.

பிப்ரவரி 9. வெளியே முழங்கால் அளவு பனி. 3.41.

ஒரு தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்ததைக் கையில் எடுத்துக்கொண்டே மூன்றாவது பொத்தானை அழுத்தினேன்.

காலடி.

வெர்னீஸின் காலடி. இடது காலை மெதுவாக வைக்கும் நடை. துணிக்கூடை சுவரில் உரசியது.

ஒன்று... இரண்டு... மூன்று...

எனக்கே தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். தாளம் எண்ணிப் பழகிய புத்தி.

நான்கு... ஐந்து... ஆறு...

ஏழு.

படார்.

பலகை முறிந்தது. கூடை உருண்டது. கனமான ஏதோ ஒன்று, படிக்குப் படி மோதி, கீழே வந்து நின்றது.

பிறகு சத்தமே இல்லை.

பிறகு தட்டு முடிந்து ஊசி வெறும் கோட்டில் சுற்றும் சத்தம். டக்... டக்... டக்...

பிறகு ஒரு ஆணின் குரல்.

"வெர்னீஸ்... எழுந்திரு... வெர்னீஸ்..."

என் குரல். இருபத்திரண்டு வருடமாக ஒலிபெருக்கியில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லி நானே கேட்ட குரல். அது எனக்குத் தெரியாதா?

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தேன். தட்டு கையிலிருந்து விழுந்தது. படிகளில் ஓடினேன். ஏழாவதைத் தாண்டினேன்.

அவள் படியின் உச்சியில் நின்றாள். இடுப்பில் கூடை. இறங்குவதற்கு முன் கூடையில் மீதித் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கையைப் பிடித்து இழுத்தேன். கூடையோடு கொண்டுபோய்ச் சமையலறை மேசை முன்னால் உட்கார வைத்தேன்.

"பைத்தியமா உனக்கு? கைய விடு."

"உக்காரு. கொஞ்ச நேரம்."

என் முகத்தைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

3.43.

3.44. அடுப்புக் கடிகாரத்தின் பச்சை எண்களையே பார்த்தேன். கீழே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

3.45.

காலடி.

எங்களுக்கு நாலடி தள்ளி, படியின் உச்சியில்.

அங்கே யாரும் இல்லை.

வெர்னீஸின் விரல்கள் என் கையை இறுக்கின. அவளுக்கும் கேட்டது.

இறங்கியது. இடது காலை மெதுவாக வைத்து...

ஒன்று... இரண்டு...

அவள் உதடுகள் எண்ணின.

ஆறு...

படார்.

விழுந்தது. உருண்டது. நின்றது.

பாட்டு முடிந்தது.

டக்... டக்... டக்...

"வெர்னீஸ்... எழுந்திரு..."

கீழேயிருந்து. என் குரல்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வாய் மூடியிருந்தது.

நான்கு மணி பத்து நிமிடம் வரை நாங்கள் அந்த மேசையை விட்டு எழவில்லை. பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போய், படியின் உச்சியிலிருந்து விளக்கைப் போட்டுப் பார்த்தோம். கீழே யாரும் இல்லை. ஏழாவது படியின் பலகை நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. மேலிருந்து கனமாக மிதித்தால் முறியும் விதத்தில். நான் அதை மிதிக்கவில்லை. அன்று வேறு யாரும் மிதிக்கவில்லை.

மறுநாள் மிக்ஸரின் பின்னால் இருந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்தேன். பெட்டியைக் கொடுத்த அந்த மகள், யோலாண்டா, எடுத்தாள். பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். மூன்றாவது வரிசை எதற்கு என்றதும் அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

அவள் அப்பா ஹாலிஸும் என்னைப் போலத்தான், ஞாயிற்றுக்கிழமை பேஸ்மென்ட் ஆள். இரண்டு காதையும் மூடிக்கொள்வாராம். அம்மா கூப்பிட்டால் கேட்காது. அதனால் படியின் உச்சியில் நிலைக்கட்டையில் ஒரு மைக்கை அடித்து, வயர் இழுத்து, மூன்றாவது வரிசையில் சேர்த்துவிட்டார். மேலே அம்மா கூப்பிட்டால் அவர் ஹெட்போனில் கேட்கும். ஒரு ஞாயிறு, நண்பனுக்காக ஒரு டேப் பதிவு செய்துகொண்டிருந்தார். பாத்திரச் சத்தம் எண்ணிக்கையைக் குழப்புகிறது என்று மூன்றாவது பொத்தானை அணைத்துவிட்டார். அன்றுதான் அம்மா துணிக்கூடையோடு படியில் விழுந்தாள். தட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

"தட்டு முடிய நாலு நிமிஷம் பாக்கி இருந்துச்சாம். அந்த நாலு நிமிஷம் முன்னாடி தூக்கிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாங்கன்னு டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. அப்பா சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

 ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, மூன்றாவது வரிசை இப்போதும் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்றேன்.



"அதுல சத்தம் வராதே சார். அம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கே அப்பா அதத் தொறந்து, உள்ள வயர வெட்டிட்டாரே. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்தேன். அவள் சொன்னது உண்மை. மூன்றாவது பொத்தானுக்குப் போகும் இரண்டு வயர்களும் வெட்டப்பட்டிருந்தன. நுனிகளில் கறுப்பு டேப். டேப்பின் மேல் வருடக்கணக்கான தூசி.

தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். வெர்னீஸ்தான் வேண்டாம் என்றாள். அந்த மனிதர் ஒரு தடவை கேட்காமல் விட்டுவிட்டார், நீயும் விட்டுவிடாதே என்றாள். பெட்டியை மறுபடி மூடினேன்.

ஏழாவது படிக்குப் புதுப் பலகை போட்டுவிட்டேன். மற்ற பன்னிரண்டையும் மாற்றிவிட்டேன். இப்போது ஒரு காதைத்தான் மூடுகிறேன். ஞாயிறு மூன்று மணிக்கு வெர்னீஸ் கூடையோடு படியின் உச்சியில் வந்து நிற்பாள். கீழே நான் மூன்றாவது பொத்தானை அழுத்தி நான்கு நிமிடம் கேட்பேன். அவள் நல்லபடியாக இறங்கி வரும் சத்தம் கேட்டால் கையைத் தூக்கிக் காட்டுவேன். அதன் பிறகுதான் அவள் முதல் படியில் கால் வைப்பாள்.

போன ஞாயிறு நான் கையைத் தூக்கவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கூடையை அங்கேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.