பத்தியில் இல்லாத பதில்

மாட்டுங்காவில் எங்கள் மெட்ரிக் வகுப்புக்கு ஆங்கில டியூஷன் எடுத்தவரை சார் என்றுதான் அழைப்போம். முழுக்கை வெள்ளைச் சட்டை, அதன் விளிம்பில் எப்போதும் சைக்ளோஸ்டைல் மை. பாடநூல்களில் வரும் லண்டன் பனி அவருக்குப் பிடிக்காது. தானே பத்தி எழுதி, கேள்விகளும் சேர்த்து, ஒவ்வொரு தாளையும் வாயால் ஊதிக் காயவைத்துக் கொடுப்பார்.

ஒருநாள் வந்த பத்தியில், தாராவித் தோல் பட்டறைக்காரர் ஒருவரை நாறுகிறார் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். அவர் வீடுவரை நடந்து வந்து அழுகிறார். முந்தின வாரம் சாரை நம்பி நான் தனியாகச் சொன்ன கதை. படித்துவிட்டுப் பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள்.

"சார், இது எங்க அப்பால்லா?" என்றேன் மெதுவாக.

"உன் பேரை எங்கயாவது போட்டிருக்கேனோ? எழுதும்மா, நாழியாறது."

பட்டறைக்காரர் ஏன் அழுதார் என்பது கடைசிக் கேள்வி. இறங்கச் சொல்லிக் கத்தியவர் எங்கள் ஊர்க்காரர், ஞாயிறுதோறும் சர்ச்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் என்று எழுதினேன்.

சார் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'பத்தியில் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

இல்லைதான். ஆனால் கத்தியவர் யார் என்பதையும் கதை சொன்ன அன்றே அவரிடம் சொல்லியிருந்தேன். அதை மட்டும் ஏன் விட்டார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.