பெயருக்குக் கீழே ஒரு வரி

அல்பினா ஸிமெக் தட்டச்சு செய்யும்போது முணுமுணுப்பாள். லோடன் ஊர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். முப்பத்திரண்டு வருடமும் முணுமுணுத்தாள். வரி நோட்டீசுக்கு ஒரு பாட்டு, கல்யாணப் பதிவுக்கு ஒரு பாட்டு என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஆனால் அவளுடைய முணுமுணுப்பைக் கேட்டு எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஏனென்றால் அதில் மெட்டு இருக்காது. நாலு பேர் சேர்ந்து பாடும்போது மெட்டுக்கு அடியில் துணையாக ஓடுமே ஒரு இரண்டாம் குரல், அது மட்டும்தான் இருக்கும். அவளுக்குத் தெரிந்ததும் அதுதான். அது எப்படித் தெரிய வந்தது என்பதுதான் அவளுடைய கதை.

1935இல் அவளுக்குப் பதினெட்டு வயது. மழை பொய்த்து, சோளம் கருகி, வங்கி கதவை மூடி, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலமே கையைப் பிசைந்துகொண்டிருந்தது. லோடன் உயர்நிலைப் பள்ளியில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள், பதினான்கு சங்கங்கள். காசில்லாமல் கிடைத்தது சங்கம் ஒன்றுதான் என்பதால் பிள்ளைகள் ஆளுக்கு நாலைந்தில் சேர்ந்திருந்தார்கள். லத்தீன் சங்கத்தார் போர்வையைச் சுற்றிக்கொண்டு ரோமாபுரி விருந்து நடத்துவார்கள். விருந்துக்குப் பொரித்த சோளம். விவாதச் சங்கத்தில் உலகத்துப் பிரச்சினை எல்லாவற்றையும் நாற்பது நிமிடத்தில் தீர்த்துவிடுவார்கள்.

அல்பினா எதிலும் இல்லை. அவளுடைய வீடு ஊரிலிருந்து ஒன்பது மைல் தள்ளி இருந்த பண்ணை. படிக்க வேண்டுமென்றால் ஊரில் யார் வீட்டிலாவது வேலை செய்துகொண்டு தங்க வேண்டும். அவள் பல் டாக்டர் ஹால்டர்ஸன் வீட்டில் தங்கினாள். மூன்றரைக்கு மணி அடித்தால் நாலு மணிக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். சங்கங்களோ மூன்றே முக்காலுக்குத்தான் கூடும். வகுப்பு நேரத்திலேயே கூடியது பாட்டுச் சங்கம் ஒன்றுதான். வியாழக்கிழமை கடைசி மணி. அதற்கு நேராகத்தான் அவளுடைய தட்டச்சு வகுப்பும் வந்தது. பாட்டா, பிழைப்பா என்று கேட்டால் பண்ணையிலிருந்து வந்த பெண் என்ன சொல்வாள்? தட்டச்சு என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அன்று பாத்திரம் கழுவும்போது அழுதாள்.

இதில் அம்மாவின் பங்கும் உண்டு. பள்ளியில் வருடா வருடம் ஆண்டு மலர் போடுவார்கள். கடைசி வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவர் இருந்த சங்கங்களை எழுதி, எந்தெந்த வருடம் இருந்தார் என்பதை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்களால் குறிப்பார்கள். முந்தைய வருடம் பக்கத்துப் பண்ணைக்காரி தன் மகளுடைய மலரைக் கொண்டுவந்து காட்டினாள். செக் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பம்; அம்மாவுக்குச் செக் மொழி மட்டுமே படிக்கத் தெரியும். பெயருக்குக் கீழே இதெல்லாம் என்ன என்று அல்பினாவைக் கேட்டாள். சங்கம் என்பதைச் செக் மொழியில் எப்படி விளக்குவது என்று தெரியாமல், எங்கெல்லாம் இவளை வேண்டும் என்று கூப்பிட்டார்களோ அதெல்லாம் எழுதியிருக்கிறது என்று அல்பினா சொல்லிவைத்தாள். வினையை விலைக்கு வாங்கிய மாதிரிதான். அம்மா அந்தப் பட்டியலை விரலால் தடவி எண்ணிப் பார்த்தாள். ஆறு வரி.

"உனக்கும் அடுத்த வருஷம் இப்படி வரும் இல்ல, அல்பின்கா?"

வரும் என்று சொல்லிவிட்டாள்.

பாட்டு வாத்தியாரை நிறுத்தி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. சம்பளம் கொடுக்க வழியில்லை. பாட்டுச் சங்கம் வேதியியல் வாத்தியார் கெல்லர் தலையில் விழுந்தது. சங்கத்தின் அறை மாடியில். தட்டச்சு அறை அதற்கு நேர் கீழே. தாளம் தவறாமல் அடிக்கப் பழக்குவதற்கென்று தட்டச்சு அறையில் ஒரு கிராமபோன் இருந்தது. அதன் சுருள்வில் அறுந்ததும் அதுவும் வாயை மூடிக்கொண்டது. அதனால் வியாழக்கிழமைகளில் மாடியிலிருந்து வரும் பாட்டுக்கே அல்பினா அடிப்பாள். அவளுடைய இயந்திரம் பழசு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஆணி அடிப்பதுபோல் சத்தம் போடும். அவள் மேஜைக்கு நேர் மேலேதான் இரண்டாம் குரல் பெண்கள் நிற்பார்கள். இரண்டு வருடத்தில் அத்தனை பாட்டின் இரண்டாம் குரலும் அவள் விரல்களில் ஏறிவிட்டது.

அந்த வருடம் மலரை அச்சுக்குக் கொடுக்கப் பணமில்லை. ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளில் அடித்து, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் கையால் சுற்றி, எண்பது பிரதி எடுப்பது என்று முடிவாயிற்று. பள்ளியிலேயே வேகமாக அடிப்பவள் அல்பினா. வேலை அவளிடம் வந்தது. மலரைத் தொகுத்தவள் வெர்னா ஹால்டர்ஸன், அல்பினா வேலை செய்யும் வீட்டின் பெண். நல்லவள்தான், மூச்சு விடாமல் பேசுவாள், பாட்டுச் சங்கம் உட்படப் பதினொரு சங்கத்தில் இருந்தாள். பெயர்களையும் சங்கங்களையும் எழுதிக்கொடுத்த தாளில் அல்பினா பெயருக்குக் கீழே மட்டும் ஒன்றும் எழுதாமல், 'உன்னுடையதை நீயே போட்டுக்கொள்' என்று விட்டிருந்தாள். போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அது ஒரு வியாழக்கிழமை. மாடியில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அல்பினா விசைகளைப் பார்க்காமலே அடிப்பவள். பதினேழு பெயர்களை அடித்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள். பாட்டு ஓட, விரல்களும் ஓடின. நிறுத்திப் பார்த்தபோது பெயருக்குக் கீழே 'பாட்டுச் சங்கம் 3, 4' என்று விழுந்திருந்தது.

பொய் அடித்துவிட்டாள். ஸ்டென்சில் பிழையை மறைக்கப் பூசும் சிவப்புத் திரவம் புட்டியின் அடியில் காய்ந்துபோய்க் கிடந்தது. புதுப் புட்டி கேட்க வாய் வரவில்லை. டாக்டர் வீட்டு அலமாரியிலிருந்து நாலு சொட்டு ஸ்பிரிட் கொண்டுவந்து கரைத்து, மறுநாள் அந்த வரியின் மேல் பூசினாள். சுற்றத் தொடங்கியபோது முதல் ஐந்தாறு தாளைப் பார்த்தாள். பெயருக்குக் கீழே சுத்தமான வெள்ளை. மனசு வலித்தாலும், மீதியைச் சுற்ற வெர்னாவிடம் விட்டுவிட்டு நிம்மதியாக அடுப்படிக்குப் போனாள்.

ஸ்பிரிட் கலந்த பூச்சு எத்தனை சுற்றுத் தாங்கும்? அன்று சாயங்காலம் வெர்னா ஒரு தாளோடு அடுப்படிக்கு வந்தாள். அந்த வரி சாம்பல் நிறத்தில், படிக்க முடிகிற அளவுக்கு மங்கலாக எழும்பியிருந்தது. ஏழெட்டுத் தாள் தவிர எல்லாவற்றிலும். வேறு தாள் வாங்க வழியில்லை.

"இத நீ அடிச்சியா?"

"அடிச்சேன். அப்புறம் அழிச்சேன். புட்டி காஞ்சு கெடந்துச்சு, உங்கப்பா ஸ்பிரிட்ட ஊத்திக் கரைச்சேன்."

"எங்கப்பா ஸ்பிரிட்டா? அவரு பல்லு புடுங்கினாலே பாதி உள்ள நிக்கும்டி."

அல்பினா சிரிக்கவில்லை. ஊர் முழுக்க எண்பது வீட்டில் இந்தத் திருட்டு வரி போய் உட்காரப்போகிறது. அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் அம்மா. எழுதி அழித்திருக்கிறார்களே, கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா என்றுதான் அம்மா கேட்பாள்.

அடுத்த வியாழக்கிழமை தட்டச்சு டீச்சரிடம் பத்து நிமிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மாடி ஏறினாள். இரண்டு வருடமாகத் தலைக்கு மேல் இருந்த அறைக்குள் அன்றுதான் முதல் தடவையாகப் போகிறாள். பாட்டு பாதியில் நின்றது.

"நான் உங்க சங்கத்துல இல்ல. ஆனா என் பேருக்குக் கீழ உங்க சங்கத்தை அடிச்சிட்டேன். அழிச்சும் சரியா அழியல. மத்தவங்க சொல்லி நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன்."

கடைசி வரிசையில் நின்ற ஆர்வில், ஆறடி உயரமும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலும் கொண்டவன், அவளையே உற்றுப் பார்த்தான். வியாழக்கிழமை கீழே தடதடவென்று அடிப்பது அவள்தானா என்று கேட்டான். அதுவும் ஒரு குற்றம் போலிருக்கிறது என்று நினைத்து, சத்தத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள்.

"மன்னிப்பா? எங்களுக்குத் தாளமே அதுதான். சார் தப்பா நெனைக்கக் கூடாது, அவரு கையை ஆட்டறது ஈ ஓட்டற மாதிரி இருக்கும். நாங்க தரையத்தான் கேப்போம்."

இரண்டாம் குரல் வரிசையிலிருந்து ஹுல்டா என்ற பெண் சொன்னாள்: "நவம்பர்ல பன்னி வெட்டுக்குப் பண்ணைக்குப் போனியே, அந்த வியாழக்கிழமை ஒரு பாட்டக்கூட எங்களால முடிக்க முடியல."

அவள் அவர்களைக் கேட்டு அடித்திருக்கிறாள். அவர்கள் அவளைக் கேட்டுப் பாடியிருக்கிறார்கள். யார் யாரை நடத்திக்கொண்டு போனார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். கெல்லர் சார் தன் வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு சங்கத்தின் வருகைப் பதிவேட்டைத் திறந்து, எந்தெந்த வருடம் என்று கேட்டார்.

"மூணும் நாலும்தான் சார். மொத ரெண்டு வருஷம் நான் தட்டச்சு எடுக்கல."

அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணக்காகத்தான் அடித்திருந்தாள். மணி அடித்தது, ஹுல்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அடுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வெர்னா படியிறங்கி ஓடினாள். அல்பினா அவர்களோடு நின்று ஒரு பாட்டு முழுவதும் பாடினாள். குரல் நடுங்கியது, ஆனால் தப்பவில்லை. டாக்டர் அன்று கருகிய உருளைக்கிழங்கைச் சாப்பிட்டார்.

மலரைத் தைப்பதற்கு முன் பாட்டுச் சங்கத்தார் தாள்களைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மங்கிய வரியின் மேல் பேனாவால் நீல மையில் எழுதிக்கொண்டு வந்தார்கள். வரி எழும்பாமல் வெள்ளையாக இருந்த தாள்களையும் விடவில்லை. எண்பது பிரதி, பத்தொன்பது பேர் கையெழுத்து.

சனிக்கிழமை அல்பினா தன் பிரதியைப் பண்ணைக்குக் கொண்டுபோனாள். அம்மா கொலாச் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுப் பக்கத்தைப் பார்த்தாள். வெர்னாவுக்குப் பதினொரு வரி; எண்ணினாள். மற்றவர்களுக்கு ஐந்து, ஏழு, நாலு. மகளுக்கு ஒன்று. அதன்மேல் விரலை வைத்து வெகுநேரம் இருந்தாள்.

"மத்ததெல்லாம் மெஷின்ல அடிச்சிருக்கு. உன்னுது மட்டும் ஏன் கையால எழுதியிருக்கு?"

"அவங்களே உக்காந்து எழுதினாங்கம்மா. எல்லா புஸ்தகத்துலயும்."

"எல்லாத்துலயுமா?"

"எண்பதுலயும்."

அம்மா பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அப்ப உன்னத்தான் ரொம்ப வேணும்னு இருந்திருக்கு," என்றாள்.

அம்மா மலரைக் காலண்டருக்குப் பக்கத்தில் அந்தப் பக்கம் தெரியும்படி திறந்தே வைத்தாள். ஜன்னல் இடுக்கு வழியாக வந்து விழும் புழுதியைத் தினமும் துடைத்தாளே தவிர, கடைசி வரை புத்தகத்தை மூடவில்லை. மூடினால் மை கலைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.