பன்னிரண்டாவது வீடு

எட்டுத் தெருக்களில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த எட்டுத் தெருக்களிலும் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கதவைத் தட்டி "ரீடிங்" என்று குரல் கொடுப்பார். உள்ளே ஒருவர் இன்னொருவரிடம் "ரீடிங் வந்திருக்கு" என்பார். இருபத்தாறு வருடங்களில் அந்த அஃறிணை கொஞ்சம் பதவி உயர்ந்து "ரீடிங் சார்" ஆகியிருந்தது. மின்சார அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வும் அதுதான்.

மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. வீட்டில் மின்சாரம் ஓடும் வேகத்துக்கு ஏற்ப அது கண் சிமிட்டும். கெட்டிலோ வெந்நீர் ஹீட்டரோ ஓடினால் படபடவென்று சிமிட்டும்; ஃபிரிட்ஜ் மட்டும் என்றால், பாடம் நடக்கும்போது தூங்கி வழிகிற மாணவன் மாதிரி எப்போதாவது ஒரு தடவை. எண்ணைக் குறிப்பதற்குத்தான் சம்பளம். விளக்கைப் பார்ப்பது வேலையில் சேராது. அவர் பார்ப்பார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு வீடு. தனியாக இருந்த ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா. அந்த வாசலுக்கு அவர் போய்ச் சேரும்போது எப்போதும் காலை எட்டு மணி, அந்த அம்மா வெந்நீர் போடும் நேரம், விளக்கு படபடக்கும். அன்று தூங்கி வழிந்தது. ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தார். எண்ணைப் பிழையில்லாமல் பதிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தார்கள். அவர் பதிந்த எண் சரியாகத்தான் இருந்தது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு பதிலைச் சொல்லி முடித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து ஒரு பெட்டி செய்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சிம் கார்டு, அந்தச் சிவப்பு விளக்கை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கண். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் விளக்கு ஒரு தடவையாவது படபடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நம்பருக்குச் செய்தி போகும்: 'இந்த வீட்டில் இன்று காலை அசைவு இல்லை.'

தனியாக வசிப்பவர்கள் பதினோரு பேர் வீட்டில் பெட்டி பொருத்தியிருந்தார். செய்தி மகளுக்கோ தம்பிக்கோ போகும். கூடவே அவருக்கும் போகும். இரண்டு வருடத்தில் ஒன்பது தடவை பெட்டி கூவியது. ஒன்பது தடவையும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒன்பது தடவையும் ஆள் நலம். ஒருவர் டீயை நிறுத்தியிருந்தார். ஒருவர் சொல்லாமல் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஒரு அம்மாவுக்கு கெட்டில் பழுதாகியிருந்தது. அதைப் பற்றிப் புலம்புவதற்கு ஆள் வந்ததில் அவருக்குப் பரம திருப்தி.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஸ்டார்ட்அப்காரர்களும் முதலீட்டாளர்களும் சந்திக்கும் மாநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஏதோ ஒரு மதியம் இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு மறந்திருந்தார். அறுபது பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை மாலை, ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கிற நகரத்தில். 'அன்புள்ள ஃபவுண்டர்' என்று தொடங்கியிருந்தது கடிதம். தவறான விலாசத்துக்கு வந்துவிட்டதோ என்று இரண்டு முறை பார்த்தார்.

ஆளுக்கொரு பயிற்சியாளரை வேறு ஒதுக்கியிருந்தார்கள். அவருக்கு வாய்த்தது சுறுசுறுப்பான ஒரு பெண். திங்கட்கிழமை மாலை வீடியோவில் வந்தார்.

"சார், டீம் ஸ்லைடுல ஒரே ஒரு போட்டோ இருக்கு."

"ஆளும் ஒண்ணுதான்மா."

"சரி, சிரிச்ச மாதிரி வேற போட்டோ போடுங்க. இது என்ன, போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்த மாதிரி..."

"ஆபீஸ் அடையாள அட்டைல இருந்து எடுத்தேன்."

"விடுங்க. ஒரு விஷயம் பிரமாதம் சார். பதில் நேரம் சராசரி பன்னிரண்டு நிமிஷம்னு போட்டிருக்கீங்க. பெரிய பெரிய கம்பெனியாலயே முடியாது. இதுக்குப் பின்னாடி என்ன டெக்னாலஜி?"

"ஸ்கூட்டர்மா."

அந்தப் பெண் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வேலைக்கு வந்தார். மேடையில் மூன்று நிமிடம் பேச வேண்டும். அதில் ஒரு நிமிடம் நேரடிச் செயல்விளக்கம். அவருடைய சொந்த வீட்டுப் பெட்டியையே போன் திரையில் காட்டலாம்.

"உங்க வீட்டுப் பெட்டி யாருக்கு மெசேஜ் அனுப்புது சார்?"

"எனக்கு."

"அது இல்ல. நீங்க உங்க வீட்டுல விழுந்துட்டீங்கன்னு வைங்க. மெசேஜ் யாருக்குப் போகும்?"

அவர் யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லை.

"எனக்குத்தான்."

"சார்..." அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டார். "முதல் கேள்வியே இதுதான் கேப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு நம்பர் போட்டுடுங்க. யாராவது ஒருத்தர். ஒரே ஒருத்தர் போதும்."

ஒரே ஒருத்தர் போதும் என்று மிகச் சுலபமாகச் சொல்லிவிட்டார். போனில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. 'பச்சை கேட் நாய் உண்டு', 'மாடி அம்மா காது கேட்காது', 'மூணாவது தெரு சண்டைக்காரர்' என்று எல்லாமே வாசல்கள்.

மனைவியின் நம்பரும் இருந்தது. ஒன்பது வருடம் முன்பு மனைவிக்கு வேலையில் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு விசேஷம் என்றால். இருவரும் பிரிந்தார்கள் என்று சொல்ல முடியாது. பிரிவதற்கு ஒரு தேதி வேண்டும். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றும் நடந்திருக்கும். அந்த நம்பரில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு கடந்தது.

மறுநாள் காலை தங்கைக்குப் போன் போட்டார்.

"என்னண்ணா, காலங்காத்தாலே? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆச்சுன்னா உனக்கு ஒரு மெசேஜ் வரும். உன் நம்பரைப் போட்டுக்கட்டுமா?"

"எனக்கு எதுக்கு? நான் இங்கேருந்து கிளம்பி வர்றதுக்கே ஒரு நாள் ஆகும். எங்க வீட்டுக்காரருக்கு வேற ரத்தக்கொதிப்பு, அந்த மாதிரி மெசேஜைப் பார்த்தா முதல்ல அவர் போயிடுவார். உனக்கென்னண்ணா, கல்லு மாதிரி இருக்கே. பக்கத்துல யாரையாவது போடேன்."

கல்லைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பது உண்மைதான்.

பக்கத்தில் என்றால் எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். நான்கு மாடிக் கட்டடத்தில் மேல்மாடியில் இவர் வீடு, அவர் வீடு இரண்டுதான். மாஸ்டர் காலை முழுவதும் கீழே தெருவில், கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் கத்திக்கொண்டிருப்பார். மனிதர் எதற்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. அவரிடம் உள்ள ஒரே ஆபத்து அதுதான்.

"போடுங்க ரீடிங் சார்! இதெல்லாம் கேக்கணுமா? மாநாட்டுல என் பேரும் வருமா?"

"நம்பர் வரும்."

"அது போதும். யாராவது கார் கத்துக்கணும்னா கூப்பிடுவாங்க."

அப்படியாக செவ்வாய்க்கிழமையே நம்பர் கிடைத்துவிட்டது; தன் வீட்டுப் பெட்டியில் தன் நம்பரை எடுத்துவிட்டு அதைப் போட்டார். ஆனால் சோதித்துப் பார்க்காத மீட்டருக்கு சீல் வைத்துப் பழக்கமில்லாதவர் அவர். புதன்கிழமை விடுப்பு எடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. கெட்டிலைத் தொடவில்லை, ஹீட்டரைத் தொடவில்லை, ஃபேனைக்கூடப் போடவில்லை. கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்து கிடப்பவருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்கையில், விழுந்தவருக்கு டீ வேண்டும் என்று தோன்றாது என்ற ஒன்றுதான் கிடைத்தது.

ஒன்பது மணிக்குப் பெட்டி செய்தியை அனுப்பியது. ஜன்னலுக்குக் கீழே மாஸ்டரின் குரல் கேட்டது. "கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்கம்மா! அது பிரேக்கு!" படிக்கட்டில் ஒரு காலடிச் சத்தம் ஏறி வந்தது, இரண்டாம் மாடியில் நின்றுவிட்டது. ஒன்பது பன்னிரண்டுக்கு அவருடைய போன் ஒலித்தது. மாஸ்டரிடமிருந்து பதில்.

கட்டைவிரலை உயர்த்திய படம்.

அவர் அந்தக் கட்டைவிரலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கோபம் வந்தது. கோபம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி அவரிடமே வந்து நின்றது. மாஸ்டர் என்ன தப்பு செய்தார்? வந்ததைப் படித்தார். படித்ததற்கு அடையாளம் வைத்தார். அடுத்த வேலைக்குப் போனார். நான்கு வருடம் முன்பு, டைப்பிஸ்ட் அம்மா வாசலில், காலை எட்டு மணிக்கு, இவரும் இதைத்தான் செய்திருந்தார், பிழையில்லாமல். இரண்டு வருடம் உட்கார்ந்து அவர் செய்த பெட்டியும் அதையேதான் செய்கிறது. விளக்கை யாரும் பார்க்காமல் விட்டதில்லை. கதவைத்தான் யாரும் தட்டவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மாஸ்டர் சாப்பிட மேலே வந்தார். அழைப்பு மணியை அடிக்கவில்லை. இவர் கதவைத் திறந்துகொண்டு நின்றதால் பார்த்தார்.

"அட, லீவா சார்? காலைல உங்க பெட்டி சூப்பரா வேலை செஞ்சுச்சு. டாண்ணு ஒன்பது மணிக்கு மெசேஜ்! விரல் போட்டேனே, பாக்கலையா?"

"பாத்தேன். அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"அசைவு இல்லைன்னு..." மாஸ்டர் நிறுத்தினார். சாவியைக் கையில் திருப்பினார். "ஓ."

"நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லுது. நீங்க சபாஷ்னு சொல்றீங்க."

"ஐயையோ சார். நான் டெஸ்ட் மெசேஜ்னு நினைச்சேன்."

"டெஸ்ட்தான்."

"அப்ப நான் பெயிலா?" எத்தனையோ பேரை மறுபடி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிய மனிதருக்கு முகம் சின்னதாகிவிட்டது.

"நானும்தான் மாஸ்டர்," என்றார் இவர். இதன் அர்த்தம் மாஸ்டருக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினார்.

அன்று மாலையே பயிற்சியாளருக்குப் போன் செய்து, பேச்சை மாற்ற வேண்டும் என்றார். பெட்டியைப் பற்றி ஒரு நிமிடம் போதும். போய்க் கதவைத் தட்டுகிற ஆளைப் பற்றி இரண்டு நிமிடம்.

"சார், ஆளைப் பத்திப் பேசினா முதலீட்டாளர் கொட்டாவி விடுவாங்க. அவங்களுக்குப் பெட்டிதான் வேணும்."

"பெட்டி தட்டாதும்மா."

"ஸ்லைடு மாத்த முடியாது. பேசறது உங்க இஷ்டம்," என்றார் அந்தப் பெண். பிறகு, எல்லாப் பயிற்சியாளர்களும் கடைசியில் சொல்வதைச் சொன்னார். "சட்டை மட்டும் கட்டம் போட்டது வேண்டாம் சார். கேமராவுல கண்ணைக் குத்தும்."

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டார். கெட்டிலுக்கு எதிரே நின்று மூன்று நிமிடம் பேசிப் பார்த்தார். ஸ்கூட்டர் என்று சொல்லும் இடத்தில் சிரிப்புக்காகச் சற்று நிறுத்த வேண்டும் என்று பயிற்சியாளர் குறித்துக் கொடுத்திருந்தார். நிறுத்தினார். கெட்டில் சிரிக்கவில்லை. இருபது நொடி மிச்சமானது.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் வீட்டுக்குப் போய் ஸ்கூட்டர் சாவியையும் ஒரு தாளையும் கொடுத்தார். தாளில் பதினோரு விலாசங்கள். இரண்டு நாளைக்குச் செய்திகள் மாஸ்டருக்கும் போகும்.

"விரல் வேண்டாம் மாஸ்டர். கால் வேணும்."

"புரிஞ்சுது சார். மெசேஜ் வந்தா வண்டி, வண்டி போனா கதவு, கதவைத் தட்டினா ஆளு. ஆளைப் பாக்காம திரும்ப மாட்டேன். என்ன, ஸ்கூட்டர் ஓட்டிப் பல வருஷம் ஆச்சு. கிளட்ச் எங்க இருக்கு?"

"கிளட்ச்சே இல்ல."

"அது இன்னும் நல்லது."

சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு வீட்டைப் பூட்டினார். டீ போடவில்லை, ஸ்டேஷனில் குடித்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் கெட்டுப்போகும்படி ஒன்றும் இல்லை, பெரும்பாலும் இருக்காது. பையில் வெள்ளைச் சட்டை, பேச்சு எழுதிய தாள், உதிரிப் பெட்டி ஒன்று. கீழே இறங்கியதும், படிக்கட்டுக்கு அடியிலிருந்த மீட்டர் பலகையைத் திறந்து மெயினை அணைத்தார். வெளியூர் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போங்கள் என்று இருபத்தாறு வருடமாக எட்டுத் தெருக்களுக்கும் சொல்லிவந்த கை அது. மூளையைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

ரயிலில் ஜன்னலோர இடம். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா அவருடைய உதடு அசைவதைப் பார்த்து, ஜபம் செய்கிறார் என்று நினைத்து மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார். ஒன்பது அடித்தபோது அவர் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். கால் மணி நேரம் ஆகியும் பதினோரு வீடுகளில் எதிலிருந்தும் செய்தி வரவில்லை. எல்லோரும் டீ குடித்துவிட்டார்கள். போனைப் பைக்குள் போடப் போனார். அது அடித்தது.

"சார்!" மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. "சார், உயிரோட இருக்கீங்களா?"

"ரயில்ல இருக்கேன் மாஸ்டர்."

"மெசேஜ் வந்துச்சு! எந்த வீடுன்னுகூட சரியாப் பாக்கல, ஸ்கூட்டரை எடுத்துத் தெருமுனை வரைக்கும் போயிட்டேன். அப்புறம் பாத்தா நம்ம கட்டடம்! கிளம்பறதுக்கு முன்னாடியே உள்ள விழுந்துட்டீங்களோன்னு நாலு மாடி ஒரே ஓட்டம். அஞ்சு நிமிஷமாத் தட்டறேன். இரண்டாம் மாடில சுத்தியல்கூட வாங்கிட்டேன்."

அப்போதுதான் அவருக்குத் தன் வீட்டுப் பெட்டியும் அணைத்த மெயினும் ஞாபகம் வந்தன. பதினோரு வீட்டுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வந்தவருக்கு, பன்னிரண்டாவது வீடு ஒன்று இருப்பது மறந்துபோயிருந்தது.

"வீட்டுல ஆளே இல்ல மாஸ்டர். மெயினையும் அணைச்சிட்டு வந்துட்டேன்."

"ரீடிங் சாரே பெட்டியை மறந்தாரா?" மாஸ்டர் படியில் உட்கார்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. "நல்லா வந்தீங்க போங்க! கீழ போய் மெயினைப் போட்டு விடவா? சாயங்காலம் மேடையில காட்டணுமே?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும். எத்தனை மணிக்கு மேல வந்தீங்க?"

"ஒன்பது ஏழு இருக்கும்."

பேச்சுத் தாளை எடுத்தார். பதில் நேரம் பன்னிரண்டு நிமிடம் என்ற இடத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஏழு என்று எழுதினார். மாஸ்டர் விடைபெறக் காத்திருந்தார். இவர் போனை வைக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் தட்டிய கதவுகளுக்குக் கணக்கில்லை. தன் வீட்டுக் கதவைத் தட்டினால் எப்படிக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாது.

"மாஸ்டர், ஒரு தடவை தட்டுங்க."

"உள்ளதான் யாரும் இல்லையே சார்?"

"தெரியும். தட்டுங்க, கேக்கறேன்."

ஒரு மாதிரி மனிதர் என்று மாஸ்டர் நினைத்திருக்கலாம். ஆனாலும் தட்டினார். எதிர்பார்த்ததைவிடக் கனமான சத்தம். நல்ல மரம்தான் போலிருக்கிறது. ரயில் ஒரு பாலத்தில் ஏறியது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"போதுமா சார்?"

"இன்னொரு தடவை."