முதுகுக்குப் பின்னால் ஒரு மிஸ்ர சாபு

எங்கள் சேர்ந்திசைக் குழுவை நடத்தியவர் ஓர் அமெரிக்கர். இசையமைப்பதும் அவரே, கோலெடுத்து நடத்துவதும் அவரே. கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில். எல்லர்ஸ்லியில் ஆபீஸ் முடித்து, செவ்வாய்தோறும் மவுண்ட் ஆல்பர்ட் ஹாலுக்கு ஒத்திகைக்கு ஓடுவேன்.

அவருக்கு ஒரே சட்டம்: அங்கே அசைகிற கை அவருடையதாக மட்டும் இருக்க வேண்டும். எனக்கோ தொடையில் தாளம் போடாமல் வாயே திறக்காது. சின்ன வயதில் பாட்டு கிளாஸில் ஒட்டிக்கொண்ட வியாதி.

அவர் புதிதாக எழுதிய பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடியது. குழுவே தடுமாறியது. எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. நம்ம மிஸ்ர சாபு தாளம்தானே, தகிட தகதிமி! கை தானாகத் தட்ட ஆரம்பித்தது. அவர் கோல் நின்றது.

"இன்னொரு தடவை அந்தக் கையைப் பார்த்தேன்னா, கச்சேரி அன்னிக்கு நீங்க மேடையில இல்ல."

இந்த நாட்டுக்கு வந்து, வேலை, வீடு, வேலை என்று ஓடிய ஒன்பது வருஷத்தில் நான் ஏறப்போகும் முதல் மேடை அது. விடுவேனா? எனக்கு நேர் பின்னால் நிற்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் புலம்பினேன்.

"இதுக்கேன் பிள்ளை அழுகிறீர்? கையை முதுகுக்குப் பின்னால வச்சுத் தாளம் போடும். அந்தாளுக்குத் தெரியாது. எங்களுக்கு நல்லாத் தெரியும்."

அன்று முதல் பின்வரிசை முழுக்க என் முதுகைப் பார்த்தே பாடியது. "பார்த்தீங்களா, உழைச்சா ஏழும் வரும்!" என்று அவர் பூரித்துப்போனார். நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டோம்.

கச்சேரியில், பாட்டின் நடுவே அவர் தாளைப் புரட்டியபோது இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டுவிட்டது. ஐயோ பாவம், தான் எழுதிய பாட்டிலேயே மனிதர் தொலைந்துபோனார். கோல் காற்றில் கொசு விரட்டியது. அவரையே பார்த்திருந்த முன்வரிசை திணறியது. என் முதுகைப் பார்த்த பின்வரிசையோ ஜாம்ஜாமென்று போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு முன்வரிசை ஒட்டிக்கொண்டது, கடைசியில் அவரும் வந்து சேர்ந்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

மேடைக்குப் பின்னால் நேராக என்னிடம் வந்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

"பின்வரிசையில ஒருத்தர்கூட என்னைப் பார்க்கல. எல்லாரும் உங்க முதுகையே பார்த்துட்டிருந்தாங்க. எத்தனை வாரமா?"

"ஆறு" என்றேன். பொய் வரவில்லை.

கோலைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"அடுத்த தடவை கையை முன்னால வச்சுக்குங்க. எனக்கும் தெரியணும் இல்லையா?"